பொம்மைக்குப் பதிலாக ஒரு கம்பவுண்டர்

அத்தியாயம் 14

சின்னக்கானலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், போன வாரம் யானையே வழிவிட்டு ஒதுங்கிய மனிதர் கம்பவுண்டர் பெரியமுத்து என்று.

அப்படிச் சொல்லும்படி ஊரைப் பழக்கியவரும் பெரியமுத்துதான். வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்தியில் யானை நின்றதும், இவர் கையை உயர்த்தி "போ!" என்றதும், அது தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியதும் டீக்கடையில் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தன. உண்மையில் நடந்ததைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பெரியமுத்து, யானை, முள்கம்பி வேலி.

வேலியை அவர் தாண்டிய வேகத்தில், இடது கெண்டைக்காலின் பின்பக்கத்தில் முள்கம்பி நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டது. முன்பக்கம் போட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பின்பக்கக் காயம் யானைக்கு முதுகைக் காட்டியவனுக்குத்தான் வரும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒரு தலைமுறைக்கே மருந்து கலக்கிக் கொடுத்த கை அது. ஊதா மருந்தைத் தடவி, துணியைச் சுற்றி, மேலே முழங்கால் வரை கம்பளி சாக்ஸ் போட்டு மூடிவிட்டார். சின்னக்கானல் குளிரில் சாக்ஸை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்று காலை எழுந்தபோது அந்தக் கால் அடுப்பில் வைத்தது போலக் காந்தியது. உடம்பு உதறியது. பாரசிட்டமால் மாத்திரையைப் போட்டார். சற்று நேரத்தில் நெற்றி குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லையென்றால் நோய் இல்லை. வாழ்நாள் முழுக்க அவர் கடைப்பிடித்த சித்தாந்தம் இது.

அதுவும் இன்றைக்குப் போய் நோயில் படுக்க முடியுமா? இன்று மருமகள் சிவசங்கரியின் வகுப்பு!

பெரியமுத்துவின் அப்பா எஸ்டேட் டாக்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர். பெரியமுத்துவோ டாக்டர் எழுதியதைக் கலக்கிக் கொடுத்தவர். நர்ஸாக இருந்த சிவசங்கரி, செப்சிஸ் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை முடித்துவிட்டு வந்து, மாமனார் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் டாக்டரையே உட்காரவைத்து வகுப்பெடுக்கப் போகிறாள். மூன்று தலைமுறையில் பெட்டி தூக்கிய குடும்பம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

பெரியமுத்துவுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. சொந்த வீட்டு ஆளை முகத்துக்கு நேரே புகழக் கூடாது என்பது கம்பவுண்டர் வீட்டு வழக்கம். புகழ்வது ஊரார் வேலை, குறை சொல்வது வீட்டார் வேலை. சிவசங்கரி இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. அவள் சமையலுக்கு இதுவரை கிடைத்த உச்சபட்சப் பாராட்டு, "உப்பு இருக்கு."

"மாமா, ஒரு இட்லியோட எந்திரிச்சுட்டீக?" என்றாள் சிவசங்கரி.

"வகுப்பெடுக்கப் போறவ போ. என் இட்லியை எண்ணிக்கிட்டு நிக்காத."

"காலை ஏன் இழுத்து இழுத்து வைக்கிறீக?"

"பனி."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "யானையை வெரட்டுன காலும்மா அது. அதுக்கும் அசதி இருக்கும்ல?"

அவள் நிஜமாகச் சொல்கிறாளா, குத்துகிறாளா என்பது கல்யாணமான நாளிலிருந்து பெரியமுத்துவுக்குப் பிடிபட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து சிவசங்கரியின் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டும் பாண்டி. வகுப்புக்காக வரும் பயிற்சி பொம்மையை வாங்கிவரப் போனவன். ஆள் உயரப் பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும்.

"அக்கா, மூணார் போற கேப் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. பொம்மை அந்தப் பக்கம் நிக்குது, நான் இந்தப் பக்கம் நிக்கேன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கோம்."

சிவசங்கரி தலையில் கை வைத்தாள். "படுக்க ஒரு ஆளு இல்லாம எப்படிச் சொல்லிக்குடுப்பேன்? வார்டுல வேலை பாக்குற அருள்குமாரைப் படுக்கச் சொன்னா நிஜமாவே தூங்கிருவான்."

"நான் படுக்கிறேன்" என்றார் பெரியமுத்து.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்ப மானம் என்று அவர் நினைத்துக்கொண்டார். படுத்துக்கொள்வதைவிடச் சுகமான காரியம் உலகத்தில் வேறில்லை என்று உடம்பு நினைத்தது.

ஆனால் சும்மா படுப்பாரா? வழியெல்லாம் நிபந்தனை போட்டார். சட்டையைக் கழற்றக் கூடாது. சாக்ஸைத் தொடவே கூடாது.

"சரி மாமா. நீங்க மூச்சு வாங்குற மாதிரி நடிக்கணும். அப்புறம் புத்தி தடுமாறுன மாதிரி ஏதாவது பேசணும்."

பெரியமுத்து நடுரோட்டில் நின்றுவிட்டார். "மூச்சு வேணும்னா வாங்குறேன். புத்தி கெட்டவனா நடிக்கிறது மட்டும் நடக்காது. நான் மருந்து குடுத்த ஊரு இது. அந்த ஊருக்கு முன்னால கம்பவுண்டர் வீட்டு ஆம்பளை ஒளற மாட்டான்."

"சரி மாமா, ஒளற வேண்டாம்."

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் தலைமை நர்ஸ் ஷீனா. கோட்டயத்துக்காரி; எஸ்டேட்டில் இருந்து இருந்து தமிழ் பழகியவள். பக்கத்தில் டாக்டர் ஜுனைத், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பாலக்காட்டுப் பையன். பின்னால் மற்ற நர்ஸுகள். கடைசியில் வார்டு உதவியாளன் அருள்குமார்.

பெரியமுத்து கட்டிலில் நிமிர்ந்து படுத்தார். நிமிர்ந்து படுப்பது எப்படி என்று கேட்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

சிவசங்கரி பேச ஆரம்பித்தாள். "ஒரு சின்னப் புண்ணு வழியா கிருமி உள்ள போகுதுன்னு வைங்க. உடம்பு அதோட சண்டை போடும். சில நேரம் அந்தச் சண்டை கை மீறிப் போயிரும். உடம்பு தன் சொந்த வீட்டையே ஒடைக்க ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் கொறையும். கிட்னி, மூளை, நுரையீரல் ஒண்ணொண்ணா படுக்கும். அதான் செப்சிஸ். லேட்டானா ஆளு போயிரும்."

நன்றாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார் பெரியமுத்து. கூரை லேசாக ஆடியது.

"காய்ச்சல் அடிச்சாத்தான்னு நெனைக்காதீக. வயசானவுகளுக்குக் காய்ச்சலே இல்லாமயும் வரும். மாத்திரையைப் போட்டு அமுக்கி வச்சிருந்தாலும் தெரியாது."

"தப்பு" என்றது கட்டில். "காய்ச்சல் இல்லாம நோயில்ல."

வார்டே சிரித்தது.

"நோயாளி பேசக் கூடாது மாமா" என்றாள் சிவசங்கரி. "அடுத்தது ரொம்ப முக்கியம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வாயைத் தொறந்து சொல்லணும். 'எனக்கு செப்சிஸ்னு சந்தேகமா இருக்கு.' அப்படியே, இதே வார்த்தையில. டாக்டர் நிக்கிறாரே, நாம சொல்லலாமான்னு யோசிக்கவே கூடாது."

"என்ற முன்னாடி தாராளமாச் சொல்லுங்க" என்றார் ஜுனைத். "நான் கடிக்க மாட்டனுங்க."

"கடிக்காது. பட்சே... ஆனா, முறைக்கும்" என்றாள் ஷீனா.

பரிசோதனை தொடங்கியது. அருள்குமார் வாட்சைப் பார்த்தபடி பெரியமுத்துவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினான். "அக்கா, நிமிஷத்துக்கு முப்பது."

"மாமா, நடிப்பைக் கொஞ்சம் கொறைச்சுக்கிடுங்க."

பெரியமுத்து குறைத்துப் பார்த்தார். குறையவில்லை. தன் நடிப்பின் ஆழம் தனக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வியந்தார்.

ஷீனா கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். "மேலே உள்ளது எண்பத்தஞ்சு. இதென்ன, இத்தனை கம்மி?"

"அந்த மெஷினு ஐயா காலத்துதுங்க" என்றார் டாக்டர். "அவரைப் பாத்ததும் பயந்து படுத்துருச்சாட்ட இருக்குது."

மறுபடி சிரிப்பு. "பட்டை பெருசா இருக்கும் சேச்சி, சின்னதா மாத்திக் கட்டுங்க" என்றாள் சிவசங்கரி. ஷீனா மாற்றிக் கட்டினாள். அதே எண்பத்தைந்து. மெஷினை மாற்றச் சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கை சில்லென்று இருக்கிறதே என்றாள் ஒருத்தி. சின்னக்கானலில் யார் கைதான் சில்லென்று இல்லை என்றாள் இன்னொருத்தி.

"இப்ப புத்தி தெளிவா இருக்கான்னு பாக்கணும். கேள்வி கேளுங்க" என்றாள் சிவசங்கரி.

ஷீனா குனிந்தாள். "ஐயா, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"எஸ்டேட் ஆஸ்பத்திரி."

"இங்க பொறுப்பு யாரு?"

"நான்தான்."

"குழப்பம்!" என்று கையைத் தூக்கினாள் ஷீனா.

"இல்ல சேச்சி" என்றான் அருள்குமார். "ஐயா எப்பவும் அப்படித்தான் சொல்லுவாரு. இது கணக்குல வராது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. சிவசங்கரி அதையும் பாடமாக்கினாள். "அருள்குமார் சொன்னது சரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வழக்கம் இருக்கு. அது நமக்குத் தெரியாது. வீட்டு ஆளைக் கேக்கணும், 'இவுக எப்பவும் இப்படித்தானா, இல்ல இன்னைக்குப் புதுசா?'ன்னு."

பெரியமுத்துவுக்கு இப்போது எல்லாமே மிகத் தெளிவாக இருந்தது. கால் காந்துவது நின்றுவிட்டது. கால் இருப்பதே தெரியவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மிக்ஸர் மருந்து வாங்கப் பாட்டிலோடு வந்து நிற்கும் பழைய எஸ்டேட் ஆட்களாகத் தெரிந்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் அவர் ஒருவரையே நம்பிய பார்வை. ஆகா, என்ன அருமையான நாள்!

"ஐயா, இது யாரு?" என்று ஷீனா சிவசங்கரியைக் காட்டினாள்.

பெரியமுத்து திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவளா? இவ என் மருமக. தங்கம்! இத்தன வருஷமா இவ கையில சோறு திங்கேன், நல்லாருக்குன்னு ஒரு நாளு சொன்னதில்ல. இந்த ஆஸ்பத்திரிக்கு இவளை மாதிரி கெட்டிக்காரி வந்ததில்ல. என்னையவிடக் கெட்டிக்காரி!"

வார்டு கை தட்டியது. ஷீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிவா, இது கேக்க நீ புண்ணியம் செஞ்சிருக்கணும்."

சிவசங்கரி மட்டும் கை தட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"சேச்சி. எனக்கு செப்சிஸ்னு சந்தேகமா இருக்கு."

"அதானே வகுப்பு?"

"வகுப்பில்ல சேச்சி. நெசமா. மாமா என்னைப் புகழ்ந்துட்டாரு!"

டாக்டர் ஜுனைத் சிரிக்க வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"பதினோரு வருஷம் டாக்டர். இவுக வாயில என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. வராது. இவுக ஒளறி நடிக்கவும் மாட்டேன்னுதான் படுத்தாக. மூச்சை வேணும்னா ஏத்தி நடிக்கலாம், பிரஷரை எறக்கி யாரு நடிப்பா? நான்தான் பட்டையைக் குத்தம் சொல்லிக்கிட்டு நின்னேன்." அவள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள். "மாமா காலை இழுத்து இழுத்து நடந்தாக. அந்தச் சாக்ஸைக் கழட்டுங்க."

"சாக்ஸ் ஒப்பந்தத்துல இல்ல!" என்றார் நோயாளி. இரண்டு கையாலும் சாக்ஸை இறுகப் பிடித்துக்கொண்டார். யானைக்கு விட்டுக்கொடுத்தவர் இதற்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை. டாக்டரும் அருள்குமாரும் ஆளுக்கொரு கையை விடுவிக்க வேண்டியிருந்தது.

சாக்ஸ் இறங்கியது. துணி பிரிந்தது. கெண்டைக்கால் முழுக்கச் சிவந்து, வீக்கம் முழங்காலைத் தொட்டிருந்தது. ஷீனா காலைத் திருப்பினாள்.

"முள்கம்பி கிழிச்சது. பின்பக்கம்."

"பின்பக்கமா?" என்றான் அருள்குமார்.

முட்டைக்கோஸ் பாத்தியில் அன்று யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்பது அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாமும் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம் சிரிக்க நேரமுமில்லை. கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு கையோடு வேலையில் இறங்கியது. ஒருத்தி பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாள், ஒருத்தி ஆக்சிஜன் வைத்தாள், ஷீனா சலைன் ஏற்றினாள். "ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும்" என்று சிவசங்கரி சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஜுனைத் மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டார். பொம்மையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பாண்டி, ஆம்புலன்ஸை அணைக்காமலே வாசலில் நிறுத்தினான். மூணார் பக்கம் மண்சரிவு. போடிமெட்டு இறங்கித் தேனிக்கு விடு என்றார் டாக்டர். குருவம்மாள் கிடைத்த சேலையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

பெரியமுத்துவுக்கு இதில் எதுவும் ஞாபகமில்லை.

மறுநாள் முற்பகல் தேனியில் கண் விழித்தபோது, கையில் சலைன் குழாய், தலைமாட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டி, ஒரு பக்கம் குருவம்மாள், மறுபக்கம் சிவசங்கரி. கண் இரண்டும் தூங்காமல் சிவந்திருந்த மருமகள்தான் மெள்ள எல்லாவற்றையும் சொன்னாள். கிட்னி படுக்கப் பார்த்ததாம். இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம்.

கடைசியாக, அவர் என்ன பேசினார் என்பதையும் சொன்னாள்.

பெரியமுத்து கூரையைப் பார்த்தார். நேற்று ஆடிய கூரை இன்று ஆடாமல் நின்று அவரைத் திருப்பிப் பார்த்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த வாரம் வட்டவடையில வகுப்பு. நேத்து நடந்ததைச் சொன்னா ஒருத்தரும் மறக்க மாட்டாக. பேரு சொல்ல மாட்டேன். வயசானவரு ஒருத்தரு, எப்பவும் வையுறவரு, திடீர்னு மருமகளைப் புகழ்ந்தாரு, அதுலதான் புத்தி தடுமாறுதுன்னு கண்டுபிடிச்சோம்னு…"

"புத்தி தடுமாறுச்சா? யாருக்கு?"

பேர் சொல்லாவிட்டால் என்ன? மலை மேல் எப்போதும் வைகிற மாமனார் யார் என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். பெரியமுத்து யோசித்தார். ஒளறினேன் என்று ஒப்புக்கொண்டால், மருமகளைப் புகழ்ந்த கறை போய்விடும். ஆனால் ஊர் கூடிய இடத்தில் கம்பவுண்டருக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற பேச்சு நிலைத்துவிடும். ஒளறவில்லை என்றால் புத்தி பிழைக்கும். ஆனால் கம்பவுண்டர் வீட்டு வழக்கம் அன்றோடு முடிந்தது. யானைப் பெருமை ஏற்கெனவே சாக்ஸோடு போய்விட்டது. மிச்சமிருப்பது புத்தி ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஊருக்குள் எப்படி நடப்பது?

தலையணையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"நான் ஒளறல. சொன்னதெல்லாம் தெளிவாத்தான் சொன்னேன்."

சிவசங்கரி திகைத்தாள். "மாமா… அப்ப நான் கண்டுபிடிச்சது?"

"நீ கண்டுபிடிச்சது சரி. காரணம்தான் தப்பு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நின்றது கன்னத்தில் இறங்கியது. "அப்ப… தங்கம்னு சொன்னது?"

"சொன்னா சொன்னதுதான்." அவர் சுவர்ப்பக்கம் பார்த்தபடி சொன்னார். "நேத்து என் வாயில வந்த ஒரு வார்த்தையையும் நான் மாத்திக்கிட மாட்டேன். முழுப் புத்தியோட பேசுனேன். யாரு வந்து கேட்டாலும் அதான் பதில்."

இப்படிச் சொன்னதும் அவருக்கே உள்ளே இதமாக இருந்தது. மானமும் போகவில்லை, மருமகளும் அழுதுகொண்டே சிரிக்கிறாள். இவ்வளவு சுலபமா இது? பதினோரு வருஷத்தை வீணாக்கிவிட்டோமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அதுவரை ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த குருவம்மாள், தோலை ஓரமாக வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஏங்க. ஒரு வார்த்தைகூட மாத்திக்கிட மாட்டீகளா?"

"மாட்டேன்."

"எல்லாமே முழுப் புத்தியோட பேசுனது?"

"ஒரு தடவை சொன்னா வெளங்காதா உனக்கு?"

"வெளங்குது, வெளங்குது." குருவம்மாள் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு சேர்த்துப் போட்டாள். "நேத்து வண்டியில போடிமெட்டு எறங்குற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நர்மதா, என்னைய விட்டுட்டுப் போயிராத நர்மதா'ன்னு கண்ணுல தண்ணி விட்டீக. பாண்டி சாட்சி. கேரளாவுலயும் சரி, தேனியிலயும் சரி, நம்ம சொந்தத்துல அப்படி ஒரு பேரு கெடையாது. யாருங்க அவ?"

பெரியமுத்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். தலைமாட்டுப் பெட்டி திடீரென்று பீப் பீப்பென்று வேகமெடுத்தது.

சத்தம் கேட்டு டியூட்டி நர்ஸ் ஓடிவந்தாள். "என்னாச்சு? நாடி இப்படி ஏறுது? டாக்டரைக் கூப்பிடவா?"

சிவசங்கரி பெட்டியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், அத்தையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாம் சிஸ்டர். இது செப்சிஸ் இல்ல."